14 முறை விழுந்த கொடி

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1863 ஜூலை 1, பிற்பகல். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊருக்கு மேற்கே வில்லோபி ரன் என்று ஒரு சின்ன ஓடை. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் 26ஆவது வட கரோலினா காலாட்படை ரெஜிமென்ட், அந்த ஓடையைத் தாண்டி மேட்டுக் காட்டுக்குள் ஏறியது. சுமார் 800 பேர். மரங்களுக்கிடையே காத்திருந்தது வட மாநிலங்களின் 24ஆவது மிச்சிகன் ரெஜிமென்ட், 496 பேர். பொழுது சாயும்போது மிச்சிகன்காரர்களில் 363 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போயிருந்தார்கள். வட கரோலினா பக்கத்தில் அந்தக் கணக்கு 500ஐத் தாண்டியது.

இரண்டு வரிசைகளும் 20 தப்படிக்கு மேல் இல்லாத தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டதாக 26ஆவது ரெஜிமென்டின் மேஜர் ஜோன்ஸ் அறிக்கையில் எழுதினார். ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம்தான். ஆனால் அவர்கள் கையில் இருந்தது 300 கஜத்துக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் ரைஃபிள். அப்புறம் எதற்காக இவ்வளவு பக்கத்தில் போய் நின்றார்கள்?

முதலில் அந்தக் குண்டைப் பார்த்துவிடலாம். மஸ்கெட் என்ற பழைய துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். உருண்டைக் குண்டு அதற்குள் லொடலொடவென்று முட்டி மோதிக்கொண்டு வெளியே வரும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவனைக் குறிபார்ப்பதும் கும்பிடுவதும் ஒன்றுதான். குழலுக்குள் போல்ட்டுக்கு வெட்டுவது போல மரை வெட்டினால் குண்டு பம்பரமாகச் சுழன்றபடி நேராகப் போகும்; ரைஃபிள் என்பது அதுதான். வேட்டைக்காரர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரியும். ஆனால் குண்டு மரையைக் கவ்வ வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் அதைக் குழலின் வாய் வழியாக இடித்து இறக்கவே நேரம் போய்விடும்.

1840களின் இறுதியில் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி இதற்கு வழி கண்டார். கூம்பு வடிவ ஈயக் குண்டைக் குழலைவிட மயிரிழை சிறிதாக வார்த்து, அதன் அடியைக் குழிவாக விட்டார். குண்டு தடையில்லாமல் உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குழிக்குள் பாய்ந்து மெல்லிய விளிம்பை விரிக்க, ஈயம் மரையைக் கவ்விக்கொள்ளும். மினியே அந்தக் குழியில் ஒரு இரும்புக் கிண்ணமும் வைத்திருந்தார். அமெரிக்காவில் ஹார்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையின் ஜேம்ஸ் பர்ட்டன், கிண்ணம் இல்லாமலே வேலை நடக்கும் என்று காட்டினார். இரு தரப்புச் சிப்பாய்களும் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் கொட்டினார்கள். தென்னவர்கள் கப்பல் கப்பலாக இறக்கிய 1853 மாதிரி என்ஃபீல்டு, 1857இல் வட இந்தியாவில் கொழுப்புத் தோட்டா விவகாரத்தைக் கிளப்பிய அதே துப்பாக்கிதான்.

சரி, குண்டு நல்ல குண்டு. ஆனால் மெதுவான குண்டு. 32 கிராம் ஈயம் வினாடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 300 கஜத்தைக் கடக்க ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் புவியீர்ப்பு அதை 5 மீட்டர் கீழே இழுத்துவிடும். அதனால் குழலை மேலே தூக்கித்தான் சுட வேண்டும். குண்டு வில்லாக வளைந்து போகும். நடுவழியில் பார்வைக் கோட்டுக்கு மேலே 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். 300 கஜத்தில் இருப்பவனின் இடுப்பைக் குறிவைத்தால், பாதி தூரத்தில் நிற்பவனின் தலைக்கு மேலே குண்டு பறந்துவிடும். தூரத்தைச் சரியாகக் கணித்தால்தான் ரைஃபிள் ரைஃபிளாக வேலை செய்யும். பெரும்பாலான சிப்பாய்களுக்கு அந்தப் பயிற்சியே கிடையாது.

தூரத்தைக் கணிக்கக் கண் தெரியவும் வேண்டும். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். எரிந்தால் பாதிக்கும் மேல் வாயுவாவதில்லை. பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட் என்று நுண்துகளாகக் காற்றில் நிற்கும். அதுதான் அந்த வெள்ளைப் புகை. (வடக்கு இந்த வெடியுப்பை லண்டன் வழியாக வாங்கியது. அது விளைந்ததோ இந்திய மண்ணில். கடல் முற்றுகையில் மாட்டிய தெற்கு, குகை மண்ணைக் கழுவி உப்பெடுத்தது.) ஒரு நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம் என்பது கணக்கு. நூற்றுக்கணக்கானவர்கள் அப்படிச் சுட்டால், மரங்களும் சேர்ந்துகொள்ள, நாலாவது நிமிடத்தில் எதிரி எங்கே என்றே தெரியாது.

அந்த இரைச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா என்பதுகூடச் சிப்பாய்க்குத் தெரியாது. கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளில் சுமார் 24,000 குண்டு நிரம்பியே கிடந்தன, அவற்றில் பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குண்டுகள் என்று அப்போதே கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒன்றில் 23 குண்டுகள் இருந்தனவாம்.

கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. புகையில் ஆள் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போனால் வளைவு, கணிப்பு எதுவும் தேவையில்லை; தோளோடு தோள் நிற்கும் வரிசைக்குள் சுட்டாலே போதும். தொலைதூரத்துக்கென்று செய்த துப்பாக்கி பழைய மஸ்கெட்டின் வேலையைத்தான் பார்த்தது.

பேச்சு காதில் விழாத அந்தப் புகையில் ரெஜிமென்டின் ஒரே அடையாளம் கொடி. அது முன்னே போனால் வரிசை போகும், நின்றால் நிற்கும். மரியாதைச் சின்னம் என்பதைவிட அது ஒரு தகவல் கருவி. எதிரிக்கும் அது தெரியும் என்பதுதான் கொடுமை. அன்று 26ஆவது ரெஜிமென்டின் கொடி 14 முறை விழுந்தது. 21 வயதுக் கர்னல் ஹென்றி பர்க்வின் அதைக் கையில் எடுத்தபோதுதான் சுடப்பட்டு இறந்தார். கடைசியாகத் தூக்கியவர் லெஃப்டினன்ட் கர்னல் ஜான் லேன்.

மிச்சிகன் வரிசை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சார்லஸ் மெக்கானெல் என்ற சிப்பாய் மட்டும் நின்று, துப்பாக்கியை ஒரு மரத்தில் தாங்கவைத்து, நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு லேனின் பிடரியில் புகுந்து வாய் வழியாக வெளியே வந்தது. எலும்பில் பட்டால் தட்டையாகி அதைச் சுக்குநூறாக்கும் மிருதுவான ஈயம் அது. கை காலில் பட்டாலே வெட்டி எடுப்பதுதான் அன்றைய வைத்தியம். லேன் எப்படியோ பிழைத்தார். 1903 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் நடந்த நினைவு விழாவில் அவரும் மெக்கானெலும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.