தீப்பொறி இல்லாத ஃபோர் ஸ்ட்ரோக்: கிளோ எஞ்சினை டியூன் செய்யும் முறை

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் கலவை எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்பதை இக்னிஷன் காயில் தரும் தீப்பொறி முடிவு செய்கிறது. மாதிரி விமானத்தின் கிளோ எஞ்சினில் காயிலும் கிடையாது, தீப்பொறியும் கிடையாது. சிலிண்டர் தலையில் ஒரு சிறு பிளக். அதற்குள் மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அதற்கு 1.5 வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். சுருள் அதன்பின் தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

அப்படிக் கனலக் காரணம் மூன்று. பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்தும்போது பிறக்கும் சூடு ஒன்று. முந்தைய எரிப்பில் சுருளில் தங்கிய சூடு இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேற்பரப்பைத் தொட்டாலே ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளியிடும். பிளாட்டினம் இங்கே வினையூக்கி. கிளோ எஞ்சின் பெட்ரோலில் ஓடாமல் மெத்தனாலில் ஓடுவது இதனால்தான்.

அப்படியானால் பற்றும் நேரத்தை யார் குறிக்கிறார்கள்? கலவையின் அடர்த்தி, பிளக்கின் சூடு, எரிபொருளில் கலக்கும் நைட்ரோமீத்தேனின் அளவு, ப்ரொப்பெல்லரின் பாரம் எல்லாம் கூடித்தான் குறிக்கின்றன. எரிபொருள் அதிகமானால் (ரிச்) அது ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சி, பற்றுவதைத் தாமதப்படுத்தும். குறைந்தால் (லீன்) சூடேறி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகுமுன்னரே பற்றிக்கொள்ளும். ஆகவே எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகாணியான கார்புரேட்டர் நீடிலைத் திருகும் விரல், இக்னிஷன் டைமிங்கையும் சேர்த்தே திருகுகிறது. டியூனிங் பற்றிய மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஒசாகாவின் ஓ.எஸ். நிறுவனம் 1976-ல் எஃப்.எஸ்.60 என்ற 10 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை இந்தத் துறை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்கின் ராஜ்ஜியம். ஃபோர் ஸ்ட்ரோக் கிளோ எஞ்சினில் உள்ள சிக்கலை ஒரு கணக்கே காட்டிவிடும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. ஐடிலில் (எஞ்சின் நிற்காமல் ஓடும் மிகக் குறைந்த வேகத்தில்) 2,400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால், நொடிக்கு 40 சுற்று, 20 எரிப்பு. அதாவது ஒரு எரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 50 மில்லி நொடி. அந்த இடைவெளியில் குளிர்ந்த மெத்தனால் ஆவி வேறு உள்ளே வந்து சுருளை நனைக்கிறது. அதற்குள் சுருள் அணைந்துவிடக் கூடாது. அதனால்தான் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கென்றே சூட்டைத் தக்கவைக்கும் பிளக் தேவைப்படுகிறது. ஓ.எஸ். தயாரிப்பில் எஃப் வகை இதற்கானது. சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும் டூ ஸ்ட்ரோக்கின் ‘குளிர்ந்த’ பிளக்கைப் போட்டுவிட்டு, ஐடிலில் நிற்கவில்லை என்று கார்புரேட்டரோடு போராடுவது வீண்.

பிளக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கழற்றி 1.5 வோல்ட் கொடுங்கள். சுருள் முழுவதும் ஒரே சீராக ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். நடுவில் மட்டும் சிவந்து ஓரங்கள் இருண்டிருந்தாலோ, கம்பி பளபளப்பிழந்து சாம்பல் பூத்தாற்போல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது இன்னொரு சோதனையும் உண்டு. ஐடிலில் பேட்டரியைக் கழற்றும்போது சுற்று வேகம் சட்டென விழுந்தால், பிளக் களைத்துவிட்டது. இல்லையேல் ஐடில் கலவை அளவுக்கு மீறி ரிச்.

எரிபொருளில் 10 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், 18 முதல் 20 சதவீதம் எண்ணெய், மீதி மெத்தனால் என்பது பொதுவான கலவை. நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் ஐடில் சீராகிறது, பற்றுவதும் சற்று முந்துகிறது. எண்ணெயில் கொஞ்சமாவது விளக்கெண்ணெய் இருப்பது நல்லது. செயற்கை எண்ணெய் கைவிடும் சூட்டிலும் அது உலோகத்தின் மேல் படலமாக நிற்கும். இந்த எஞ்சினில் தனி ஆயில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி) கிடையாது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் உயிர். லீனாக ஓட்டும்போது சூடு கூடுகிறது, எண்ணெயும் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால்தான் லீன் ஓட்டம் இவ்வளவு சீக்கிரம் எஞ்சினைக் கெடுக்கிறது.

மெத்தனால் தண்ணீரை இழுக்கும். டப்பாவின் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகலாம். பகல் வெளிச்சத்தில் அதன் சுடரும் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

இனி டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி. புது எஞ்சினில் முதல் ஒன்றிரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வால்வுகள் தம் இருக்கையில் நன்றாகப் படிந்து இடைவெளி மாறிவிடும். அப்போது ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பல ஓ.எஸ்., சைட்டோ எஞ்சின்களுக்கு இடைவெளி 0.04 முதல் 0.10 மி.மீ. வரை. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 0.07 மி.மீ. என்றால் எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பாருங்கள். ராக்கர் மூடியைக் கழற்றி, ப்ரொப்பெல்லரை அது ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். கார்புரேட்டரிலிருந்து வரும் குழாய் சேரும் பக்கத்து வால்வுதான் இன்டேக். அது கீழிறங்கித் திறந்து, மறுபடி மேலேறி மூடியபின் தொடர்ந்து சுற்றினால் கையில் அழுத்தம் தட்டுப்படும். பிஸ்டன் உச்சிக்கு வரும் அந்த இடத்தில்தான் இரண்டு வால்வுகளும் முழுதாக மூடியிருக்கும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் இன்னொரு உச்சியில் இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். அங்கே அளந்தால் இடைவெளி பூஜ்யமாகத் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று திருகினால் எல்லாமே கெட்டுவிடும். அழுத்தம் தட்டுப்பட்ட உச்சியா என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

லாக் நட்டைச் சிறிய ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்துங்கள். 0.04 மி.மீ. தடிமனுள்ள ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டைச் செருகி, லேசான உரசலோடு அது நகரும்வரை ஆலன் கீயால் திருகாணியைத் திருப்புங்கள். 0.10 தகடு நுழையவே கூடாது. திருகாணியின் புரி அரை மி.மீ. என்றால், இரண்டு தகடுகளுக்கும் இடையிலான 0.06 மி.மீ. வித்தியாசம் முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்குதான். லாக் நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே சுழலப் பார்க்கும். ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்க வேண்டும். பிறகு மறுபடி அளவு பாருங்கள். இரண்டில் ஒரு முறையாவது மாறியிருக்கும்.

இடைவெளியே இல்லையென்றால் வால்வு இருக்கையில் முழுதாக உட்காராது. அழுத்தம் கசியும், ஸ்டார்ட் ஆக மறுக்கும், கசிவில் வால்வின் விளிம்பு எரிந்துபோகும். இடைவெளி கூடினால் வால்வு குறைவாகவும் தாமதமாகவும் திறக்கும். தலையிலிருந்து கடகடவென்று சத்தம் வரும், சக்தி குறையும், கேமும் அடிவாங்கும்.

டேங்க்கின் நடுக்கோடு கார்புரேட்டர் நீடிலின் மட்டத்திலோ 5 முதல் 10 மி.மீ. கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் எரிபொருள் தானே வழிந்து, நிறுத்தி வைத்திருக்கும்போதே சிலிண்டரை நிரப்பும். சைலன்சரிலிருந்து ஒரு குழாய் டேங்க்குக்குப் போய் லேசான அழுத்தம் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். டேங்க்கைச் சுற்றிப் பஞ்சு வைத்தால் அதிர்வில் எரிபொருள் நுரைக்காது. காரணம் புரியாமல் எஞ்சின் ஒருநாள் லீன், ஒருநாள் ரிச் என்று ஆடினால், முதலில் குழாயில் ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஊறிப்போன குழாய் ஓரிடத்தில் காற்றை உறிஞ்சத் தொடங்கினால் எந்த நீடில் அமைப்பும் நிலைக்காது.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்காமல் ப்ரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் கல்லாக நின்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் தேங்கியிருக்கிறது. தலைகீழாகப் பொருத்திய எஞ்சினில் இது அடிக்கடி நேரும். திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் மின் ஸ்டார்ட்டரை வைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, சுற்றி, வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

புது எஞ்சினை முதல் சில டேங்க் முழுக்க ரிச்சாகவே ஓட்ட வேண்டும். முதல் பத்து நிமிடம் 4,000 ஆர்பிஎம் அளவில், புகை கக்கிக்கொண்டு ஓடட்டும். பிறகு த்ராட்டிலைத் திறந்து, நீடிலைச் சில நொடிகள் மூடி வேகம் ஏறவிட்டு, உடனே திறந்து குளிரவிட வேண்டும். ஏறுவதும் இறங்குவதுமாக இப்படிச் செய்யும்போதுதான் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒத்துப்போகும்.

முழு வேகத்துக்கான மெயின் நீடிலை முதலில், குறைந்த வேகத்துக்கான ஐடில் திருகாணியை அடுத்து, மீண்டும் மெயினை என்ற வரிசையை மாற்றாதீர்கள். டூ ஸ்ட்ரோக் ரிச்சாக இருந்தால் சத்தமே உடைந்து காட்டிக்கொடுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த உதவி கிடையாது. நீடிலை மூட மூட ஒரு கட்டம் வரை வேகம் ஏறும், பிறகு கொஞ்ச தூரம் மாறாமல் நிற்கும், அதைத் தாண்டினால் திடீரென விழும். காதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். ஆகவே ஒளியால் சுற்றை எண்ணும் டாக்கோமீட்டர் இங்கே மிகவும் அவசியம்.

0.91 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம், அதாவது சுமார் 15 சிசி. 14x6 அங்குல ப்ரொப்பெல்லர் போட்டிருக்கிறது. விமானத்தைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, த்ராட்டில் முழுக்கத் திறந்து, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று நீடிலை இரண்டு மூன்று கிளிக்காக மூடுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நொடி காத்திருங்கள். உச்ச வேகம் 9,600 என்று வந்தால், அங்கே விட்டுவிடாமல் 9,200 முதல் 9,300 வரை இறங்கும்படி நீடிலைத் திறங்கள். பறக்கும்போது ப்ரொப்பெல்லரின் பாரம் குறைந்து வேகம் ஏறும், எரிபொருள் தேவையும் கூடும். தரையில் உச்சத்தில் வைத்தது வானத்தில் லீனாகிவிடும். கடைசியாக மூக்கை நேர் மேலே தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். வேகம் மாறாமல் நின்றாலோ சற்று ஏறினாலோ சரி. இறங்கினால் இன்னும் திறக்க வேண்டும்.

ஐடிலுக்கு மிக எளிய சோதனை உண்டு. எஞ்சின் 2,300 ஆர்பிஎம் அளவில் ஓடும்போது கார்புரேட்டருக்குப் போகும் குழாயை விரலால் கிள்ளுங்கள். உடனே நின்றால் லீன். நன்றாக வேகம் ஏறி, வெகுநேரம் ஓடிப் பிறகு நின்றால் ரிச். இரண்டு மூன்று நொடியில் லேசாக ஏறி நின்றால் அளவு சரி. ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். எந்தப் பக்கம் திருகுவது என்பதில் கவனம்: ஐடிலுக்கும் தனி நீடில் உள்ள இரட்டை நீடில் கார்புரேட்டரில் வலப்புறம் திருகினால் லீன், காற்றுத்துளை வகையில் அதே திருப்பம் காற்றை அடைப்பதால் ரிச். த்ராட்டிலைச் சட்டெனத் திறக்கும்போது இருமி நின்றுபோனால் ஐடில் லீன். கரகரத்துப் புகை கக்கி மெதுவாக ஏறினால் ரிச்.

லீனாக இருக்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. கலவை முன்கூட்டியே பற்றி வெடித்தால் பிஸ்டன் எதிர்த்திசையில் உதைபடும். கிராங்க் சட்டென நிற்க, ப்ரொப்பெல்லர் தன் வேகத்திலேயே நட்டைத் தளர்த்திக்கொண்டு பறந்துவிடும். இதற்காகத்தான் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு நட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று பூட்டியபடி வருகின்றன. இரண்டாவது நட்டைப் போடாமல் ஓட்டவே கூடாது. ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கவும் கூடாது.

காலைக் குளிரில் காற்று அடர்த்தியாக இருக்கும், எரிபொருள் கூடுதலாக வேண்டும். உச்சி வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் அதே நீடில் ரிச்சாகும். பறக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு கிளிக்காவது மாறுவது இயல்பு.

பறத்தல் முடிந்ததும் டேங்க்கை வடித்து, குழாயைக் கழற்றி, எஞ்சினில் மீதமுள்ள எரிபொருள் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டுங்கள். மெத்தனால் எரியும்போது ஃபார்மிக் அமிலமும் நீரும் உண்டாகி, ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸில் தேங்கும். முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் பின்பக்க பேரிங்தான். கிராங்க் கேஸின் காற்றுப்போக்கியான பிரீதர் துளை வழியாகவும், பிளக் துளை வழியாகவும் சில துளிகள் பாதுகாப்பு எண்ணெய் விட்டு, ப்ரொப்பெல்லரைப் பத்துப் பதினைந்து முறை சுற்றுங்கள். பிரீதரை ஒருபோதும் அடைக்காதீர்கள். குழாய் மாட்டி விமானத்துக்கு வெளியே வடியவிடுங்கள். கடைசியில் பிளக்கை மாட்டி, அழுத்தம் தட்டுப்படும் உச்சியில் ப்ரொப்பெல்லரை நிறுத்துங்கள். இரண்டு வால்வுகளும் மூடி, ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. வால்வு ஸ்பிரிங்குகளும் பாரமின்றி ஓய்ந்திருக்கும்.