சொல் விளக்கம்: மனசாட்சி, மனச்சான்று, உளச்சான்று

ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டால் “மனசாட்சியே இல்லையா?” என்கிறோம். இரக்கம் இல்லையா என்பதுதான் அங்கே பொருள். “மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு” என்றால் உண்மையைச் சொல் என்று பொருள். பழைய படங்களில் நாயகன் கண்ணாடி முன் நிற்க, உள்ளேயிருந்து இன்னொருவன் கிளம்பி வந்து சண்டை பிடிப்பானே, அவன் பெயரும் மனசாட்சிதான். சொல்லின் நேர்ப்பொருளுக்கு மிக அருகில் இருப்பவனும் அவன்தான்.

மனம், சாட்சி என்று இதைப் பிரிக்கலாம். சாட்சி என்பது வடமொழி ‘சாக்ஷி’. கண் என்று பொருள்படும் ‘அக்ஷ’ அதற்குள் இருக்கிறது. கண்ணால் நேரே கண்டவன் சாக்ஷி. ஆக, ஊரில் யாரும் பார்க்காவிட்டாலும் நாம் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரே ஆள் மனசாட்சி. அது உத்தரவு போடுவதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. பார்த்ததைச் சொல்லும், அவ்வளவுதான்.

சாட்சிக்குப் பழந்தமிழில் ‘கரி’ என்று பெயர். “இந்திரனே சாலுங் கரி” என்கிறது குறள். புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பிடித்துத் தின்னும் கயவர் பட்டியலில் ‘பொய்க்கரியாளர்’, அதாவது பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் சிலப்பதிகாரம் சேர்க்கிறது. இன்றைக்குக் கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும், எனவே அதை மீட்டுக் கொண்டுவருவது நடக்காத காரியம். சான்று அப்படியல்ல, வழக்கில் நன்றாகவே இருக்கிறது. நிறைதல், தகுதியாதல் என்ற பொருளுள்ள ‘சால்’ என்ற வேரிலிருந்து அது பிறந்தது என்பது தமிழறிஞர் பலர் கொள்ளும் கருத்து. மேலே சொன்ன குறளில் ‘சாலும்’ என்று வருவதும், சான்றோர் என்ற சொல்லில் இருப்பதும் இந்த வேர்தான்.

இப்படித்தான் மனச்சான்று வந்தது. ‘மனம்’ வடமொழியா தமிழா என்ற வழக்கு இன்னும் தீராததால், அதுவும் வேண்டாம் என்பவர்கள் உளச்சான்று என்று எழுதுகிறார்கள். பொருளில் வேறுபாடு இல்லை. உளச்சான்று ஏதோ புலவர்கள் ஏட்டோடு வைத்துக்கொண்ட சொல் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அமைச்சர்கள் பதவியேற்கும்போது “உண்மையாகவும் உளச்சான்றின்படியும் என் கடமைகளை நிறைவேற்றுவேன்” என்று எல்லார் முன்னாலும் வாசிப்பது இதைத்தான். வாசித்த பிறகு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்பது வேறு கதை.

அரசியலில் இந்தச் சொல்லுக்கு எதிரே நிற்பது மக்கள் செல்வாக்கு. இரண்டும் ஒரே பக்கம் இருக்கும்வரை யாருக்கும் சிக்கல் இல்லை. பிரிந்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஜெனட் ரேங்கினை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். 1917-இல் முதல் உலகப் போரில் இறங்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். அப்போது அவரோடு சேர்த்து 50 பேர் எதிர்த்தார்கள். 1941 டிசம்பர் 8-இல், பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாள், ஜப்பான் மீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவாக 388 வாக்கு, எதிராக ஒன்று. அந்த ஒன்று அவருடையது. வாக்கை மாற்றச் சொல்லி, குறைந்தது ஒதுங்கியாவது இருக்கச் சொல்லிச் சக உறுப்பினர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். அவையில் சீறல் எழுந்தது. வெளியே கூட்டம் சூழ்ந்துகொள்ள, தொலைபேசிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காவலரைக் கூப்பிட்டார். போலீஸ் துணையோடுதான் தன் அலுவலகத்துக்குப் போக முடிந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை. அவர் எடுத்த முடிவு சரியா என்று இன்றும் வாதாடலாம், எனக்கே அதில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் உளச்சான்று என்ற சொல்லை அவரிடம் சந்தேகமில்லாமல் பயன்படுத்தலாம், ஏனென்றால் அந்த வாக்கால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் ‘மனசாட்சி வாக்கு’ என்ற தொடர் பரவலானது 1969 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. அவருடைய வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட இந்திரா காந்தியே பிறகு, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி ஜெயித்தார். அதே ஆண்டு நவம்பரில் கட்சி இரண்டானது. அங்கே மனசாட்சி சொன்னதும் பிரதமருக்குத் தேவைப்பட்டதும் ஒன்றாகவே இருந்துவிட்டன. இதையும் ரேங்கின் போட்ட வாக்கையும் ஒரே சொல்லால் குறிக்க எனக்குக் கை வரவில்லை.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் கட்டளை, கிடையாது என்பதால்தான் அந்த அழைப்பே சாத்தியமானது. கொறடா என்றால் சவுக்கு, பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, அவையில் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் அவருடைய பதவி பறிபோகலாம்.

சரி, எதை எழுதுவது? பேச்சில் மனசாட்சியை யாராலும் அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம். ஆட்டோக்காரரிடம் உளச்சான்று கேட்டால் அவர் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டக்கூடும். கட்டுரை, செய்தி, சட்டம் என்று வரும்போது மனச்சான்று அல்லது உளச்சான்று என்றே எழுதலாம். இரண்டிலும் ‘ச்’ வரும், ‘மனசான்று’ என்று எழுதுவது பிழை.