ஒருமுறை விற்றால் முடிந்துவிடாது

மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைத் தனியாளாக எழுதி விற்று வருகிறேன். இணையத்தில் ஓடுவதல்ல, கடைக் கணினியில் நிறுவி அங்கேயே ஓடுவது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு பிரதிக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைத்தான். அந்தப் பிரதியை எத்தனை ஆண்டு சுமக்க வேண்டியிருக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'ஒருமுறை பணம், ஆயுள் முழுக்க இலவச சேவை' என்று நோட்டீஸ் அடித்தேன். யாருடைய ஆயுள் என்று யோசிக்கவில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அது புரிந்தது. வரி விகிதத்தை நிரலுக்குள் கண்ட இடத்திலெல்லாம் நேரடியாக எழுதி வைத்திருந்தேன். மத்திய வரி, மாநில வரி என்று பில்லில் இரண்டாகப் பிரிய வேண்டும். சரக்கின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீட்டுக்கு இடம் வேண்டும். பழைய கையிருப்பும் கெடாமல் புது முறைக்கு மாற வேண்டும். கடைக்காரர்கள் ஒரே நேரத்தில் அழைத்தார்கள். இரண்டு வாரம் ஒழுங்கான தூக்கமில்லை, ஒரு ரூபாய் வரவுமில்லை.

அதன்பிறகு வரி விகிதங்களைத் தேதியோடு தனி அட்டவணையில் வைத்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை சேர்த்தேன், முடிந்தது. 20ஆம் தேதி வாங்கிய மாத்திரையை ஒருவர் 25ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால் பழைய 12 சதவீதத்தில்தான் கழிக்க வேண்டும்; அதையும் தேதியே பார்த்துக்கொண்டது. அன்று இரவு பத்து மணிக்கே படுத்துவிட்டேன்.

விற்ற பிரதி எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதும் நம் கையில் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியது. அதற்குப் பின்னும் பல ஆண்டு அதில் பில் போட்ட கடைகள் எனக்குண்டு. "நன்றாகத்தானே ஓடுகிறது?" என்பார்கள். புதிய விண்டோஸில் வேறு வகைத் தலைவலி. மென்பொருளை எழுதியவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் இல்லாத நிறுவல் கோப்பைத் திறந்தால் நீலப் பெட்டி எச்சரிக்கும். கடைக்காரர் என்னை வைரஸ் விற்பவனாகவே பார்ப்பார். 2023 ஜூன் முதல் இந்தச் சான்றிதழின் ரகசிய டிஜிட்டல் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும். தனியாளுக்கு இது கணிசமான செலவு. விலை வைக்கும்போதே இதையும் கணக்கில் சேருங்கள்.

கடையின் பில், கையிருப்புக் கணக்குகளைப் பாதுகாப்புக்காக நகல் (பேக்கப்) எடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கடையில் நகல் இருந்த பென்டிரைவைக் கணினியிலேயே செருகி விட்டிருந்தார்கள். பணயத் தொகை கேட்கும் வைரஸ் வந்தபோது மூலக் கோப்போடு நகலும் பூட்டப்பட்டது. இப்போது என் மென்பொருள், நகல் முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றாதவரை மூடாது. எரிச்சலாக இருக்கிறது என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

இவ்வளவுக்கும் ஏன் இதைவிட்டுப் போகவில்லை? சர்வர் வாடகை கிடையாது. மழையில் இணையம் அறுந்தாலும் பில் நிற்காது. பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சின்னச் சின்னத் தேவைகள் நமக்குத் தெரியும்: பத்து மாத்திரை அட்டையில் மூன்றை மட்டும் வெட்டிக் கொடுத்தால் மீதி ஏழு அதே பேட்ச் எண்ணில் நிற்க வேண்டும்; காலாவதி நெருங்கியது முதலில் கண்ணில் பட வேண்டும். மவுஸைத் தொடாமல், விசைப்பலகையைப் பார்க்காமல் ஒரு பெரியவர் மளமளவென்று பில் போடுவதைக் கடையோரம் நின்று பார்க்கும் சுகம் தனி.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை இப்போது முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுகிறேன். பழைய 'ஆயுள்' வாடிக்கையாளர்களிடம்தான் பேச நா எழுவதில்லை. போன மாதம் அவர்களில் ஒருவர் அழைத்தார். பழைய கணினி செத்துவிட்டது, 2013இல் நான் கொடுத்த குறுந்தகட்டைப் புதியதில் போட்டிருக்கிறார். ஓடுகிறது, ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரியோடு. நேரில் போய்ப் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டணப் பேச்சை மெல்ல எடுத்தேன். "தம்பிக்கு ஒரு டீ சொல்லுப்பா" என்றார் பையனிடம்.