பன்றியெலி பேண்டிகூட் ஆன கதை

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்சந்தில், போன மழைக்கப்புறம் துணி துவைக்கிற கல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அடியில் தேங்காய் உள்ளே போகிற அளவுக்கு ஒரு வங்கு. அம்மா எட்டிப் பார்த்து, "பெருக்கான் பறிச்சிருக்குது" என்றார். பெருக்கான் என்றால் பெருச்சாளி. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "பந்திகொக்கா? எங்கூட்டுலயும் அதே ரோதனைதான் கண்ணு" என்றார்.

சின்ன வயதில் இந்தச் சொல்லைக் கேட்டு, இலை போட்ட பந்தியில் உட்கார்ந்திருக்கும் கொக்கு என்று நினைத்திருந்தேன். தெலுங்கில் 'பந்தி' என்றால் பன்றி, 'கொக்கு' என்றால் எலி. பன்றியெலி. ஆங்கிலத்தில் பெருச்சாளிக்குப் பெயரான 'பேண்டிகூட்' இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். விலங்கியலிலும் 1873இல் கிரே என்பவர் இந்தப் பேரினத்துக்கு 'பேண்டிகோட்டா' என்றே பெயர் வைத்தார். பாட்டியிடம் சொன்னேன். "பேரைக் கொண்டுபோனவங்க எலியையும் கொண்டுபோயிருக்கலாமல்ல" என்றார்.

எலிக்கு எதற்குப் பன்றி? மூலையில் மடக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகில் முரட்டு முடி சிலிர்த்து நிற்கும், உர்ர் என்று உறுமும். ஒரு கிலோ வரை எடை போடும். மண்ணைப் பறித்துப் போடுகிற வேகமும் சேர்ந்தால் பெயர் பொருத்தம்தான்.

'பந்தி' எப்படி 'பேண்டி' ஆனது? உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'பன்னி' என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று அவ்வளவாகப் படாது. ஆங்கிலேயர் 'பேப்பர்' என்று சொல்லும்போது முதல் எழுத்திலேயே புஸ்ஸென்று காற்று வரும். காற்றோடு வந்தால்தான் அவர்கள் காதுக்கு அது வல்லினப் 'ப'. காற்றில்லாத நம்முடைய 'ப', 'பஸ்'ஸில் வருகிற 'ப' மாதிரிக் கேட்கும். 'கொக்கு' 'கூட்' ஆனது இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் 'கூட்' என்று ஏற்கெனவே ஒரு நீர்ப்பறவை உண்டு. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு குளத்தில் நீந்தும் நம் நாமக்கோழிதான் அது. தெலுங்கு எலி தமிழில் கொக்காகக் கேட்டது, ஆங்கிலத்தில் நாமக்கோழியாகக் கேட்கிறது. இரண்டு தடவையும் பறவை!

அம்மா சொன்ன பெருக்கானுக்கும் சொந்தக்காரர் உண்டு. சத்தியமங்கலம் மலையேறித் தாளவாடிப் பக்கம் போனால் கன்னடத்தில் 'ஹெக்கண' என்பார்கள். பழைய கன்னடத்தில் சொல்முதலில் இருந்த 'ப' பிற்பாடு 'ஹ' ஆகிவிட்டது. பால் அங்கே ஹாலு, பன்றி ஹந்தி. அந்தக் கணக்கில் 'ஹெ'வைத் திருப்பி 'பெ' ஆக்கிவிட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பெருக்கானின் ஜாடை தெரியும். தெலுங்குக்காரர் பன்றியைப் பார்த்திருக்கிறார், நாம் 'பெரு' என்று உருவத்தைப் பார்த்திருக்கிறோம்.

கதை இதோடு முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், அங்கே மண்ணைக் கிளறித் திரிந்த நீள மூக்குப் பிராணி ஒன்றையும் பேண்டிகூட் என்றார்கள். பார்வைக்கு எலிதான். ஆனால் அது கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ளது. பையின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், பறிக்கிற மண் குட்டிமேல் விழாது. சில இனங்களில் கர்ப்பகாலம் 12 நாள் சொச்சம்தான், மீதி வளர்ச்சியெல்லாம் பைக்குள். அதன் வம்சமும் நம் பெருச்சாளியின் வம்சமும் பிரிந்து 10 கோடி ஆண்டுக்கும் மேல் ஆகிறது. உறவு என்று பார்த்தால் பெருச்சாளி நமக்குத்தான் நெருக்கம். (எனக்கே இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.)

போன ஊரில் சொல்லுக்குக் குணமும் மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 'பேண்டிகூட் மாதிரி' என்றால் பரிதாபமான ஆள். நம் ஊர்ப் பேப்பரில் பெருச்சாளி என்றால் ஊழல் பண்ணிக் கொழுத்தவர்! அங்கே இது வினைச்சொல்லும்கூட. செடி நட்டது நட்டபடி நிற்க, அடியில் கைவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் திருடுவதற்குப் பெயர் பேண்டிகூட் செய்வது. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிழங்கு அனுப்பும் நீலகிரி விவசாயிக்கு இந்தச் சொல் உதவும்.

2018இல் திருவனந்தபுரத்தில் ஓர் எந்திரத்தை இறக்கினார்கள். மூடியைத் திறந்து பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கி, நாலு கால் ஊன்றி நின்று, கையால் அடைப்பை வாரி வெளியே எடுக்கும். அதற்கு வைத்த பெயரும் பேண்டிகூட்தான். இங்கே வங்கு இன்னும் அடைபடவில்லை. அம்மா கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து வைத்திருக்கிறார்.