தோலும் நூலும் தரும் சாட்சியம்: போர்க்கால விமானி மேலங்கியை அடையாளம் காண்பது எப்படி?

தரையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கீழே 15 டிகிரி என்றால், ஏழரைக் கிலோமீட்டர் உயரத்தில் அது மைனஸ் 34 டிகிரியாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியை நோக்கிச் சென்ற அமெரிக்காவின் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்கள் ஏறத்தாழ இந்த உயரத்தில்தான் பறந்தன. அவற்றின் உட்புறம் காற்றழுத்தம் காக்கப்பட்ட அறை அல்ல. நடுப்பகுதியில் இயந்திரத் துப்பாக்கியுடன் நின்றவர்கள், திறந்த சாளரத்தின் வழியே பாய்ந்த காற்றை மணிக்கணக்கில் நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து இயங்கிய எட்டாவது விமானப்படையில், தொடக்க காலத்தில் போர்க்காயங்களால் விலக்கப்பட்டவர்களைவிடப் பனிக்கடியால் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்பட்டவர்களே அதிகம். இன்று சேகரிப்பாளர்கள் பெரும் தொகை கொடுத்து வாங்கும் செம்மறியாட்டுத் தோல் மேலங்கி இந்தக் குளிருக்காகப் பிறந்த கருவி என்பதை மனத்தில் கொண்டால்தான், அதன் ஒவ்வொரு தையலும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

வெப்பத்தைத் தடுப்பது உண்மையில் கம்பளி அல்ல, கம்பளிக்குள் சிக்கிய அசையாத காற்று. செம்மறியாட்டின் மயிரிழைகள் இயற்கையிலேயே நெளிந்தவை. ஒன்றையொன்று விலக்கி நின்று எண்ணற்ற சிறு காற்றறைகளை உண்டாக்குகின்றன. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் தோலைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் காற்று அசைந்துவிட்டால் இந்தப் பயன் போய்விடும். எனவேதான் மயிர்ப்பக்கம் உள்ளேயும் தோல்பக்கம் வெளியேயும் இருக்குமாறு மேலங்கி தைக்கப்பட்டது: மயிர் காற்றைப் பிடித்து வைக்கிறது, தோல் வெளிக்காற்று அதைக் கலைக்காமல் காக்கிறது. கம்பளியின் கெரட்டின் புரதம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது; உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. தரையில் வியர்த்துவிட்டு உறைபனிக் குளிருக்குள் ஏறியவர்களுக்கு இந்தப் பண்பு மிக முக்கியமானது.

சேகரிப்பாளர்கள் தேடும் மேலங்கிகளில் இரண்டு வகைகள் முதன்மையானவை. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் இர்வின் மேலங்கி. பாராசூட் முன்னோடியும் அமெரிக்கருமான லெஸ்லி இர்வின், 1919-இல் விமானத்திலிருந்து குதித்துத் தன் கையாலேயே பாராசூட்டை விரித்து இறங்கிக் காட்டியவர். பின்னர் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் நகரில் ஆலை நிறுவினார். அவர் 1930-களின் தொடக்கத்தில் வடிவமைத்த இந்த மேலங்கி, போர் தொடங்கிய பிறகு தேவை பெருகியதால் துணை ஒப்பந்தக்காரர்களிடமும் தைக்கப்பட்டது. மற்றொன்று அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1934-இல் ஏற்றுக்கொண்ட பி-3 மேலங்கி. போரின் நடுவில் மின்சாரத்தால் சூடேறும் உடைகளும் துணி மேலங்கிகளும் வந்தன. பருமனான ஆட்டுத்தோல் மெல்ல விடைபெற்றது.

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. இர்வினில் பைகளே கிடையாது. கையுறை அணிய வசதியாக முன்கையில் நீண்ட ஜிப் உண்டு. இடுப்பில் மேலங்கியோடு இணைந்த பட்டை இருக்கும். பி-3-இல் பை உண்டு, கழுத்துப் பட்டைக்கு இறுக்கு வார்கள் உண்டு, தேயும் இடங்களில் குதிரைத்தோல் ஒட்டுகள் உண்டு, ஆனால் கையில் ஜிப் இல்லை. "அசல் இர்வின்" என்று சொல்லி விற்கப்படும் மேலங்கியில் பக்கவாட்டுப் பைகள் இருந்தால், அது பிற்காலத்தில் பொதுமக்களுக்காகத் தைக்கப்பட்டதாகவோ பின்னர் மாற்றப்பட்டதாகவோ இருக்கும். தையல் துண்டுகளின் எண்ணிக்கையும் ஒரு சான்று. தொடக்ககால இர்வின்கள் பெரிய தோல் துண்டுகளால் ஆனவை. போர் நீள நீள, சிறு துண்டுகளையும் வீணாக்காமல் இணைத்ததால் முதுகிலும் கைகளிலும் தையல்கள் பெருகின. அதிகத் தையல் என்றால் மட்டமான போலி என்று ஒதுக்குவது தவறான முடிவு. அந்தத் தையல்களில்தான் போர்க்காலப் பற்றாக்குறை பதிந்திருக்கிறது.

பலரும் முதலில் தேடுவது கழுத்தின் உட்புற லேபிளை. அமெரிக்க லேபிளில் வகைப்பெயர், வடிவமைப்பு வரைபட எண், கொள்முதல் ஆணை எண், தயாரிப்பாளர் பெயர் ஆகியவை நெய்யப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் மேலங்கிகளில் விமானத்துறை அமைச்சகத்தைக் குறிக்கும் ஏ.எம். எழுத்துகளும் மகுடமும் காணப்படும். ஆனால் மேலங்கி முழுவதிலும் போலியாகச் செய்ய மிக எளிதானது லேபிள்தான். நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் இயங்கிய ஏரோ லெதர் என்ற போர்க்கால நிறுவனத்தின் பெயரிலேயே இன்று ஸ்காட்லாந்தில் ஒரு நிறுவனம் தரமான மறுபதிப்புகளைத் தைக்கிறது; பெயரை மட்டும் பார்ப்பவர் எளிதில் குழம்பிவிடுவார். எனவே லேபிளைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பார்க்க வேண்டியது நூல். அக்காலத் தையல் பெரும்பாலும் பருத்தி, லினன் நூல்களால் ஆனது. பாலியஸ்டர் இழை 1941-இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டாலும், போருக்குப் பிறகே சந்தைக்கு வந்தது. இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால், வெண்மையூட்டிகள் சேர்ந்த இக்கால நூல் நீல ஒளி வீசும். பழைய பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். பிற்காலச் சலவைத்தூள் பட்டிருந்தால் பழைய நூலும் ஒளிரக்கூடும். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தளர்ந்த நூல்நுனி ஒன்றைக் கத்தரித்துக் கொளுத்தினால் பருத்தி காகித வாசனையுடன் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். மேலங்கியில் சில இடங்களில் மட்டும் பாலியஸ்டர் நூல் இருந்தால் அது பழுது பார்த்ததைக் காட்டும். எல்லாத் தையலிலும் இருந்தால் அது போர்க்காலத்தில் பிறந்ததாக இருக்க முடியாது.

அடுத்தது ஜிப். அமெரிக்க மேலங்கிகளில் டேலன், கான்மார், கிரவுன் போன்ற பெயர்களும் பிரிட்டிஷ் மேலங்கிகளில் லைட்னிங், டாட் போன்ற பெயர்களும் இழுவையில் பொறிக்கப்பட்டிருக்கும். ஜிப்பை மாற்றியிருந்தால், அதன் ஓரத்தில் பழைய ஊசித்துளைகள் காலியாகத் தெரியும். தோலில் விழுந்த துளை துணியில்போல் மீண்டும் மூடிக்கொள்வதில்லை. அதனால் ஒரு மேலங்கி எத்தனை முறை பிரித்துத் தைக்கப்பட்டது என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணிவிடலாம்.

முதுகில் ஓவியமும், தாக்குதல் பயணங்களைக் குறிக்கும் குண்டுச் சின்னங்களும் உள்ள மேலங்கிகளுக்கு விலை பல மடங்கு அதிகம். மோசடியும் அங்குதான் அதிகம். அமெரிக்க மேலங்கிகளின் வெளிப்புறத்துக்குப் பழுப்பு நிற அரக்குப் பூச்சு தரப்பட்டது. காலப்போக்கில் அது வறண்டு, நுண்ணிய வலைபோல் வெடிக்கிறது. வெடிப்புகளின் அடியில் வெளிறிய தோல் தெரியும். போர்க்காலத்திலேயே தீட்டப்பட்ட ஓவியம் அந்தப் பூச்சோடு சேர்ந்தே வெடித்திருக்கும். பிளவின் உள்ளே வண்ணம் இருக்காது. அண்மையில் தீட்டியதாக இருந்தால், வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருக்கும். சாய்வாக விளக்கைப் பிடித்துப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். எந்த எழுத்துச் சான்றிதழையும்விட இதையே நான் நம்புவேன்.

தோலின் நலத்தை அறிய அதன் வேதியியலைச் சற்று அறிய வேண்டும். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். பதனிடாத கொலாஜன் நீரில் சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடானால் சுருங்கிப் பசையாகிறது. பதனிடும் பொருள்கள் இழைகளுக்கிடையே பிணைப்புகளை உருவாக்குகின்றன. நன்கு குரோமியத்தால் பதனிட்ட தோல் கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலோ, காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்சி, உள்ளேயே அமிலத்தை உருவாக்கிக்கொள்கிறது. அந்த அமிலம் கொலாஜன் சங்கிலிகளை அறுக்க, தோல் செம்பழுப்புப் பொடியாக உதிர்கிறது. விரலால் தொட்டதும் அத்தகைய பொடி ஒட்டினால் சிதைவு முற்றிவிட்டது. அதை மீட்க வழியில்லை. மயிர்க்கால்களும் கொழுப்பும் நிறைந்த செம்மறித் தோல் இயல்பிலேயே தளர்வான கட்டமைப்பு கொண்டது. அதனால்தான் அக்குளிலும் தோள்பட்டைத் தையலிலும் அது முதலில் கிழிகிறது. கிழியும் என்று அஞ்சி எண்ணெய் தடவுவது பரவலான பழக்கம்; அந்த எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோலை மேலும் விறைப்பாக்குகிறது, தையல் நூலையும் கெடுக்கிறது.

மேலங்கியை மடிக்காமல், அகன்ற தோள் கொண்ட தாங்கியிலோ தட்டையாகப் பெட்டியிலோ, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். துணி அந்துப்பூச்சியின் புழுக்கள் கெரட்டினைத் தின்று வாழ்பவை. மயிரில் வழுக்கைத் திட்டுகளோ பட்டுநூல் போன்ற கூடுகளோ தெரிந்தால், மேலங்கியைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே குளிரூட்டும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் புழுக்களும் முட்டைகளும் இறந்துவிடும். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பநிலைக்கு முழுமையாக வரும்வரை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்தால், நீர்த்துளிகள் தோலின்மேல் படியாமல் உறையின் வெளிப்புறத்திலேயே படியும்.