வட்டி வீதம் அப்புறம், முதலில் காசு எப்போது தேவை?

மறுபடியும் ஒரு மரணாதார சங்கம், அதாவது சந்தா சேர்த்து, அங்கத்தவர் வீட்டில் மரணம் நடந்தால் உதவித்தொகை கொடுக்கும் சங்கம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம், அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். பல வருடச் சந்தாக் காசு முழுவதும் ஒரே நிதிக் கம்பனியில், ஒரே ஐந்து வருட நிலையான வைப்பில் கிடந்தது. கம்பனி நன்றாகத்தான் நடக்கிறது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து, அடுத்தடுத்து உதவித்தொகை கொடுக்க வேண்டியபோதுதான் கையில் காசில்லை என்பது தெரிந்தது. வைப்பை இடையில் முறித்தால் வட்டியைக் குறைத்து மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். அதற்கும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் கட்டாரில். கடைசியில் பொருளாளர் மனைவியின் நகையை அடகு வைத்து மரண உதவி கொடுத்திருக்கிறார்.

ஹட்டனில் இருந்துகொண்டு கோயில்கள், சங்கங்கள், பழைய மாணவர் சங்க நிதியங்கள் என்று கணக்காய்வு செய்கிறேன். இதே கதையைப் பெயர் மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டது. கூட்டறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால் எல்லா இடத்திலும் ஒரே வரிதான்: “வட்டி கூடுதலாக உள்ளதால் மேற்படி நிறுவனத்தில் வைப்பிலிட ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” வேறு எங்கே விசாரித்தார்கள், எத்தனை காலத்துக்கு, ஏன் அத்தனை காலம், ஒன்றும் இருக்காது. ஆனால் அதே கூட்டத்தில் தேநீருக்கு எவ்வளவு செலவானது என்பது சதம் பிசகாமல் எழுதியிருக்கும்.

உங்கள் கமிட்டி கையில் இருப்பது பலருடைய காசு என்றால், கொழும்பில் பெரிய நிதியங்களை நடத்துகிறவர்கள் கேட்கிற கேள்விகளை நீங்களும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதில் முதல் கேள்வி வட்டியைப் பற்றியது அல்ல. இந்தக் காசு எப்போது வெளியே போகவேண்டும் என்பதுதான்.

மரணாதார சங்கத்துக்கு அது எந்த நாளிலும் வரலாம். கோயிலுக்கு அப்படியில்லை. கும்பாபிஷேகம் வழக்கமாகப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது ஊருக்கே தெரியும், தேர்த் திருவிழாச் செலவும் வருடா வருடம் ஏறத்தாழ ஒன்றுதான். புலமைப்பரிசில் நிதியத்துக்கு முடிவே கிடையாது. அசல் தொகையில் கை வைக்காமல் வட்டியில்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும், விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையும் ஏறவேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே வைப்பு எப்படிப் பொருந்தும்? ஆனால் மூன்று கமிட்டியும் போய் நிற்பது ஒரே கிளையில்தான். அந்தக் கிளை முகாமையாளர் திருவிழாவுக்குக் கலண்டர் அச்சடித்துக் கொடுத்திருப்பார், நாமும் பொன்னாடை போர்த்தியிருப்போம்.

இனி எனக்குத் தலைவலி கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். “மத்திய வங்கியில் பதிவு செய்த கம்பனி சேர், காசு எங்கேயும் போகாது.” இதைச் சொல்லாத பொருளாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. மத்திய வங்கியின் உரிமம் என்பது வைப்பு வாங்கவும் நிதித் தொழில் செய்யவும் அனுமதி. உங்கள் காசுக்கு மத்திய வங்கி பிணை நிற்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. 2020இல் தி ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் மே மாதத்திலும், ஈ.டி.ஐ. ஃபினான்ஸின் உரிமம் ஜூலையிலும் இரத்தானதே, இரண்டும் உரிமம் பெற்ற கம்பனிகள்தான். அப்போது, கம்பனி விழுந்தால் வைப்பாளருக்கு ஈடு கொடுக்கும் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 6 லட்சம். 2021இல் அதை 11 லட்சமாக உயர்த்தினார்கள்.

இந்த 11 லட்சத்தைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம், அவ்வளவுதான். சங்கத்தில் 400 அங்கத்தவர் இருந்தாலும் சங்கம் ஒரே வைப்பாளர். தலைக்கு 11 லட்சம் என்று பெருக்கி, “எங்களுக்கு 44 கோடி வரைக்கும் பாதுகாப்பு இருக்கிறது” என்று கால்குலேட்டரைக் காட்டிய ஒருவரும் உண்டு. உங்கள் சங்கம் ஒரு கம்பனியில் 60 லட்சம் வைத்திருந்து அது விழுந்தால், காப்புறுதி தருவது 11 லட்சம். மிச்சம் 49 லட்சத்துக்குக் கம்பனியின் சொத்தை விற்றுத் தீர்க்கிறவரை வரிசையில் நிற்கவேண்டும். ஹட்டன் கிளையில் பாதி, நுவரெலியாக் கிளையில் பாதி என்று வைத்தாலும் கணக்கு ஒன்றுதான், கம்பனி ஒன்றுதானே. ஒரு சான்றிதழை ஐந்தாக உடைத்தாலும் அப்படியே. வேறு வேறு நிறுவனங்களில் பிரித்தால் மட்டுமே அந்த எல்லை தனித்தனியாகக் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கங்களும் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் இந்தக் காப்புறுதித் திட்டத்துக்குள் வருவதே இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அங்கே போடாதீர்கள்.

அப்படியென்றால், அரசாங்கத்துக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும் திறைசேரி உண்டியலா? மரணாதார சங்கத்துக்கும் கோயிலுக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான். 91, 182, 364 நாள் என்று மூன்று தவணை உண்டு, புதன்கிழமை தோறும் ஏலம், வங்கி மூலமாகவே வாங்கலாம். ஆனால் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2022 கடைசியில் 364 நாள் உண்டியல் 30 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தது, 2024 முடிவில் அதே உண்டியலுக்கு 9 சதவீதத்தை ஒட்டித்தான். 30 என்றைக்கும் நிற்கும் என்று நினைத்துப் புலமைப்பரிசில் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிய நிதியம் ஒன்று, இப்போது பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறது. அந்த 30க்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை, 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது.

அரசாங்கம் என்றால் அசையாது என்பதும் முழு உண்மை இல்லை. நம் தோட்டத்து ஆட்களும் சேர்ந்திருக்கும் ஊழியர் சேமலாப நிதிதான் இந்த நாட்டிலேயே பெரிய நிறுவன முதலீட்டாளர். அதன் காசில் மிகப் பெரும் பகுதி, அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில் இருக்கிறது. 2023இல் அரசாங்கம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அந்த முறிகளில் பெரும் பகுதியைக் கொடுத்து, 12 சதவீதத்தில் ஆரம்பித்துப் பிறகு 9 சதவீதத்துக்கு இறங்கும் புது முறிகளை வாங்கவேண்டி வந்தது. மறுத்திருந்தால் நிதியத்தின் முறி வருமானத்துக்கு 14 சதவீத வரி 30 ஆகியிருக்கும். ஒரே இடத்தில் அதிகமாகக் குவித்தவருக்குப் பேரம் பேசவும் இடமிருப்பதில்லை.

தவணைகளை எப்படி அடுக்குவது என்று கேட்டால், கொழுந்து ரவுண்டைப் பாருங்கள். எல்லா மலையிலும் ஒரே நாளில் கொழுந்து எடுப்பதில்லை. ஒன்றை எடுத்து முடிக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும். காசையும் அப்படிப் பிரித்துப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு கைக்கு வரும். வட்டி ஏறியிருந்தால் அந்தப் பங்குக்கு ஏறிய வட்டி கிடைக்கும், இறங்கியிருந்தால் மற்றப் பங்குகள் பழைய வட்டியிலேயே இருக்கும். மரணாதார சங்கம் என்றால் போன சில வருடங்களில் எந்த வருடம் அதிகம் கொடுத்தீர்களோ அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் அடுக்குங்கள். கும்பாபிஷேக நிதிக்குக் காலம் நிறைய இருப்பதால் ஒரு பகுதியை நீண்ட முறியிலும், கமிட்டிக்குத் துணிவிருந்தால் சிறு பகுதியை, பலருடைய காசைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் ட்ரஸ்டிலும் வைக்கலாம். மரணாதார சங்கம் பங்குச் சந்தைப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது. கைப்பேசியில் வரும் “தினமும் வட்டி” திட்டங்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. பிரமிட் திட்டம் வங்கிச் சட்டப்படி குற்றம், அத்தோடு விட்டுவிடுவோம்.

முடிவெடுக்கும் முறைக்கு வருவோம். ஒரு பக்கத்தில் கொள்கை எழுதிப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றுங்கள்: ஒரு நிறுவனத்தில் அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு மேல் பூட்டக் கூடாது, எதை ஒருபோதும் வாங்கக் கூடாது. எழுதி வைத்தால், வட்டி ஏறும்போது வரும் ஆசைக்கும் இறங்கும்போது வரும் பதற்றத்துக்கும் அந்தத் தாளே பதில் சொல்லும். குறைந்தது மூன்று இடத்தில் வட்டி கேட்டு, மூன்றையும் கூட்டறிக்கையில் ஒட்டுங்கள். நிதிக் கம்பனி என்றால் தரமிடல் (கடனைத் திருப்பிக் கொடுக்கும் வலுவுக்குக் கிடைத்த மதிப்பீடு) என்ன என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பொருளாளரின் மகன் அந்தக் கிளையில் வேலை செய்தால் அதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே இருக்கட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. “வேண்டாம்” என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். நம் கமிட்டிகளில் அந்த ஒருவரைத்தான் அடுத்த வருடம் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கிடைக்கும் சம்பளமில்லாத கணக்காய்வாளர் அவர்தான்.

இன்னொன்று. சில சங்கங்களின் வைப்பு இன்றைக்கும் பொருளாளரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. “நம்பிக்கையான ஆள்” என்கிறார்கள். அவர் நம்பிக்கையானவர்தான், ஆனால் அவர் கண்ணை மூடினால் அந்தக் காசு அவர் வாரிசுகளின் பக்கம் போய்விடலாம். நீங்கள் வழக்குப் பேசத் தொடங்குவீர்கள். யாப்பையும் தீர்மானத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ச் சங்கத்தின் பெயரில் கணக்கைத் திறவுங்கள். கையெழுத்துக்கு மூவரைப் போட்டு, எந்த இருவரும் போதும் என்று எழுதிக் கொடுங்கள். வெளிநாடு போகிறவர் போவதற்கு முன்னாலேயே பெயரை மாற்றிவிட வேண்டும்.

போகும்போதே வைப்புச் சான்றிதழ்களையும் கொண்டுபோய், முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் அறிவுறுத்தல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். முதிரும் தேதி ஒவ்வொன்றையும் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தத்தம் வீட்டுக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் கமிட்டி கூடவேண்டும்.