யுரேனைல் புளோரைடு: சொல் விளக்கம்

ஒரு யுரேனியம் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன், இரண்டு புளோரின் என்ற கணக்கில் சேர்ந்த மஞ்சள் நிறத் திண்மம் இது. தண்ணீரில் நன்றாகக் கரையும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும்.

'யுரேனியம்' என்பது 1789இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் வைத்த பெயர். 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளை வைத்து இப்படிப் பெயரிட்டார். ஆனால் அவர் உலோகம் என்று எண்ணியது உண்மையில் ஆக்சைடு, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த சேர்மம். பிரான்சின் வேதியியலாளர் பெலிகோ 1841இல் அதைக் காட்டி, உலோகத்தையும் பிரித்தெடுத்தார். யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி ஓர் உப்பிலிருந்து இன்னோர் உப்புக்குக் குலையாமல் வருவதைக் கண்டு, அதற்கு 'யுரேனைல்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. 'ஐல்' விகுதி கிரேக்க 'ஹூலே'யிலிருந்து வந்தது. மரம், மூலப்பொருள் என்று பொருள். 1832இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் வோலரும் லீபிக்கும் 'பென்சாயில்' என்ற பெயரில் அதை வேதியியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

'புளோரைடு' இலத்தீனில் ஓடுதலைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. தாது எளிதில் உருகி ஓட உலையில் புளோரின் அடங்கிய புளோர்ஸ்பார் கல்லைச் சேர்ப்பார்கள்.

படிகத்தைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். யுரேனியத்தின் இருபுறமும் ஆக்சிஜன் நேர்கோட்டில் இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சுற்றிலும் உள்ள ஆறு புளோரின்களில் ஒவ்வொன்றையும் மூன்று யுரேனியங்கள் பகிர்ந்துகொள்கின்றன.

சரி, இது எங்கே உருவாகிறது? யுரேனியச் செறிவூட்டலுக்கு, அதாவது அணு எரிபொருளுக்கு வேண்டிய வகை யுரேனியத்தின் பங்கைக் கூட்டுவதற்கு, பயன்படும் யுரேனியம் ஹெக்சாபுளோரைடு கசிந்து ஈரக்காற்றைத் தொட்டதும் யுரேனைல் புளோரைடும் ஹைட்ரஜன் புளோரைடும் உண்டாகின்றன. முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பின்னது நுரையீரலை அரிக்கும். 1986 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து கோர் ஊரில், இந்த ஹெக்சாபுளோரைடை அளவுக்கு மேல் நிரப்பிய உருளையைச் சூடாக்கியபோது அது வெடித்தது. ஹைட்ரஜன் புளோரைடை மூச்சில் இழுத்த தொழிலாளி ஒருவர் இறந்தார்.

தமிழில் 'யுரேனியம் ஆக்சிபுளோரைடு' என்றும் சொல்லலாம், பிழையில்லை. ஆனால் அதில் மூன்று தனிமங்களின் பெயர்தான் இருக்கிறது, ஆக்சிஜன் யுரேனியத்தோடு ஒட்டியே இருக்கும் செய்தி இல்லை. அதனால் 'யுரேனைல் புளோரைடு' என்றே எழுதுவதுதான் சரி என்பேன். இலங்கை வழக்கில் சேர்மம் 'சேர்வை' ஆகும், ஆக்சிஜன் 'ஒட்சிசன்' ஆகும். அங்கேயும் 'யுரேனைல்' என்ற பகுதியைக் கைவிடாமல் எழுதுவதே நல்லது.